பெரிய வீடும் ஒரு சில்லுதான்: ஈவி ஹோனின் மார்லே நிலக்காட்சிகள்

அயர்லாந்தில் "பெரிய வீடு" என்றால், நம் கிராமங்களில் ஒரு காலத்தில் சொன்ன பெரிய வீடுதான். மதில் சுற்றிய சில நூறு ஏக்கர், நடுவில் நிலக்கிழார் குடும்பத்தின் மாளிகை, மதிலுக்கு வெளியே குத்தகைக்காரர்கள். உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோர் ஆங்கில வழிவந்த புராட்டஸ்டன்ட் குடும்பத்தினர். வெளியே இருந்தவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர்கள். அந்த வீட்டைச் சுற்றியுள்ள சொந்த நிலத்துக்கு அங்கே டிமெய்ன் என்று பெயர். தோப்பு, குளம், புல்வெளி, மதில் கட்டிய காய்கறித் தோட்டம் எல்லாம் அதில் அடக்கம்.

18ஆம் நூற்றாண்டில் ஓவியர்களுக்கு இந்த வீடுகள் நல்ல பிழைப்பாக இருந்தன. தாமஸ் ராபர்ட்ஸ் 1770களில் டப்ளினுக்கு மேற்கே லூக்கன் மாளிகையையும் அதன் டிமெய்னையும் வரைந்தார். வில்லியம் ஆஷ்ஃபோர்ட் 1800களின் தொடக்கத்தில் மவுண்ட் மெரியன் தோட்டத்தைக் கோணம் கோணமாக வரைந்து கொடுத்தார். இந்தப் படங்களின் கட்டுமானம் கிட்டத்தட்ட ஒரே சூத்திரம். அடியில் இருண்ட முன்னிலம், இரண்டு பக்கமும் திரைச்சீலைபோல மரங்கள், நடுத்தூரத்தில் ஒரு நீர்ப்பரப்பு, அதற்கு மேலே வெயில் விழுகிற இடத்தில் வீடு. வீடு அளவில் சின்னதாக இருந்தாலும் படத்தின் வெளிச்சமெல்லாம் அங்கே போய்தான் சேரும். காசு கொடுத்தவர் தன் ஜன்னல்களை எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

இந்தச் சூத்திரத்தை மனத்தில் வைத்துக்கொண்டுதான் அயர்லாந்து ஓவியர் ஈவி ஹோனின் மார்லே படங்களுக்கு வர வேண்டும். 1940களில், டப்ளினுக்குத் தெற்கே ரத்ஃபார்னத்தில், மார்லே தோட்டத்தை ஒட்டிய வீட்டில் குடியிருந்தபோது அவர் காகிதத்தில் குவாஷ் என்ற, தாளை மறைக்கும் நீர்க்கலவை வண்ணத்தில் அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப வரைந்தார். மரங்கள், பனி, சுவர், கட்டடம். மேலோட்டமாகப் பார்ப்பவர்கள், "இளமையில் கியூபிசம், முதுமையில் நிலக்காட்சி, களைத்துப்போய் வீடு திரும்பிவிட்டார்" என்று எழுதிவிடுகிறார்கள். (உருவங்களைத் தட்டைத் தளங்களாக உடைத்து அடுக்கும் பாணிதான் கியூபிசம்.) எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர் பாரிஸில் கற்ற பாடம் அந்த நிலக்காட்சிகளுக்குள்ளேதான் இருக்கிறது. வீடு படத்தின் நாயகப் பதவியை இழந்து, மரத்தண்டு, பாதை, வானத்துண்டு ஆகியவற்றுக்குச் சமமான ஒரு சில்லாக மாறியிருக்கிறது. அது எப்படி நடந்தது என்பதைப் பார்க்க, அவர் கற்ற இரண்டு தொழில்களையும் கொஞ்சம் பிரித்துப் போட வேண்டும்.

ஆளைப் பற்றிச் சுருக்கமாக. ஈவி ஹோன் 1894 ஏப்ரல் 22 அன்று டப்ளின் மாவட்டத்தில் பிறந்தவர். பெரிய வீடுகளில் புழங்கிய வர்க்கம்தான் அவருடையதும். 18ஆம் நூற்றாண்டு ஓவியர் நத்தானியல் ஹோனின் குடும்பம். சிறுவயதிலேயே இளம்பிள்ளை வாதம் தாக்கி, வாழ்நாள் முழுக்க நடக்கச் சிரமப்பட்டார். லண்டனில் வால்டர் சிக்கர்ட், பெர்னார்ட் மெனின்ஸ்கி ஆகியோரிடம் படித்தபோது டப்ளின்காரரான மெய்னி ஜெல்லெட் தோழியானார். 1920இல் பாரிஸில் கியூபிச ஓவியர் ஆந்த்ரே லோத்திடம் சேர்ந்தார். அடுத்த ஆண்டு ஹோனும் ஜெல்லெட்டும் இன்னொரு கியூபிச ஓவியரான ஆல்பெர் க்ளேஸின் கதவைத் தட்டினார்கள். மாணவர்களை வைத்துக்கொள்ளும் எண்ணமே க்ளேஸுக்கு இல்லை. இவர்கள் விடவில்லை. பத்தாண்டுபோல ஆண்டுக்கு ஒருமுறை போய்வந்தார்கள்.

1923இல் ஜெல்லெட் டப்ளினில் அடையாளம் காணும் உருவம் எதுவும் இல்லாத முதல் அருவப் படங்களைக் காட்டியபோது, கவிஞரும் ஓவியருமான ஜார்ஜ் ரஸ்ஸல் அதைக் கலையில் வந்த மலேரியா என்ற பொருள்பட எழுதினார். டப்ளின் அப்போது அந்த நிலையில்தான் இருந்தது.

க்ளேஸ் சொல்லிக்கொடுத்த முறையில் இரண்டே இரண்டு அசைவுகள்: நகர்த்தல், சுழற்றல். இதைப் பெரிய தத்துவமாக எழுதுபவர்கள் உண்டு. ஸ்கேலையும் பென்சிலையும் எடுத்துப் போட்டுப் பார்த்தால் பத்து நிமிடத்தில் பிடிபடும்.

முதலில் காகிதத்தின் செவ்வகம். அதுதான் மூலவர். படத்துக்குள் வரும் எந்த வடிவமும் இந்தச் செவ்வகத்திலிருந்தே பிறக்க வேண்டும். உள்ளே அதே விகிதத்தில் சிறிய செவ்வகங்களைப் போட வேண்டும், பக்கங்கள் விளிம்புக்கு இணையாக. பிறகு அவற்றை மேலே, கீழே, பக்கவாட்டில் நகர்த்த வேண்டும். ஒன்றின் மேல் ஒன்று ஏறும். இது நகர்த்தல். இதில் நிலைத்தன்மை வரும், உயிர் வராது. அடுத்து, அதே செவ்வகங்களை அவற்றின் மையத்தைப் பிடித்து வலமாகவோ இடமாகவோ சாய்க்க வேண்டும். இது சுழற்றல். சாய்ந்த தளத்தின் மூலைகள் நேர்த் தளங்களை வெட்டும் இடங்களில் புதுப்புது முக்கோணங்களும் நாற்கோணங்களும் முளைக்கும். அவற்றுக்கு நிறம் ஒதுக்குவதில்தான் கண் ஒரு தளத்திலிருந்து இன்னொன்றுக்குச் சுற்றி வரும். ஆழம் கிடையாது, தூரம் கிடையாது, மறையும் புள்ளி கிடையாது. தாளின் மேற்பரப்பு தட்டையாகவே இருக்கும், ஆனால் சும்மா இருக்காது.

இப்போது இதை ஒரு ஜார்ஜியன் கால, அதாவது பெரும்பாலும் 18ஆம் நூற்றாண்டு, மாளிகைமேல் வைத்துப் பாருங்கள். அந்தக் காலத்து அயர்லாந்து வீட்டின் முகப்பே ஒரு செவ்வகம். அதற்குள் ஐந்தோ ஏழோ ஜன்னல் வரிசை, ஒவ்வொன்றும் ஒரு சிறிய செவ்வகம், ஒவ்வொரு ஜன்னலுக்குள்ளும் கண்ணாடிக் கட்டங்கள். கட்டியவர்கள் அறியாமலே நகர்த்தல் பாடத்தைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறார்கள். வீட்டைச் சுற்றிலும் என்ன இருக்கிறது? காற்றுக்குச் சாய்ந்த பீச் மரத்தண்டுகள், புல்வெளியின் சரிவு, வளையும் பாதை, பின்னால் மலைக்கோடு. அவையெல்லாம் சுழற்றலின் கணக்கில் வரும். நேராக நிற்பது வீடு, சாய்வது தோட்டம். இந்த இரண்டின் மோதலை வைத்தே ஒரு படத்தைக் கட்டிவிடலாம். அருவத்திலிருந்து நிலக்காட்சிக்கு வர ஹோனுக்கு மதில் தாண்ட வேண்டிய அவசியமே இருக்கவில்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

மார்லேயைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த இடத்தில் முதலில் இருந்தது தி கிரேஞ்ச் என்ற வீடு. 1764இல் டேவிட் லா டூஷ் அதை வாங்கினார். ஹியூகனாட்டுகள் என்ற பிரெஞ்சு புராட்டஸ்டன்ட் அகதிகள் வழிவந்த வங்கிக் குடும்பம் அது. 1783இல் அயர்லாந்து வங்கி தொடங்கியபோது முதல் கவர்னர் அவர்தான். மனைவி எலிசபெத், பிஷப் ஜார்ஜ் மார்லேயின் மகள். மாமனார் வீட்டுப் பெயரையே தோட்டத்துக்கு வைத்தார். பிறகு வீட்டை விரித்துக் கட்டினார். 1864இல் நிலக்கரி வியாபாரி ராபர்ட் டெட்காஸில் கைக்கு வந்தது. 1972இல் டப்ளின் மாவட்ட மன்றம் வாங்கி, 1975இல் பொதுப் பூங்காவாகத் திறந்தது. சுமார் 300 ஏக்கர். நடுவே லிட்டில் டார்கிள் என்ற ஓடை. தெற்கே கில்மஷோக் மலை. விக்லோ மலைகளைக் கடக்கும் சுமார் 130 கிலோமீட்டர் நடைபாதை இந்தப் பூங்காவில்தான் தொடங்குகிறது.

ஹோன் இங்கே வந்த காலத்தில் பெரிய வீடு என்ற அமைப்பே உடைந்து போயிருந்தது. 1920 ஜனவரி முதல் 1923 ஏப்ரல் வரை, விடுதலைப் போரிலும் உள்நாட்டுப் போரிலும், பின்னாளில் சுதந்திர அரசான 26 மாவட்டங்களில் மட்டும் சுமார் 275 பெரிய வீடுகள் எரிக்கப்பட்டன என்பது வரலாற்றாசிரியர் டெரன்ஸ் டூலி தரும் கணக்கு. தப்பித்தவற்றையும் நிலச் சட்டங்களும் வரியும் ஒழுகும் கூரையும் தின்றன. அப்படியொரு நேரத்தில் பெரிய வீட்டை வரைய உட்காரும் அந்த வர்க்கத்துப் பெண்ணுக்கு இரண்டு சுலபமான வழிகள் இருந்தன. பழைய பெருமையைப் பாடலாம், அல்லது பாழடைந்ததை நினைத்து ஒப்பாரி வைக்கலாம். ஹோன் இரண்டையும் செய்யவில்லை. ஐவிக்கொடி படர்ந்த இடிபாட்டுச் சோகத்தை இவர் படங்களில் தேடிப் போனால் ஏமாற்றம்தான்.

அவருடைய இரண்டாவது தொழில், வண்ணக் கண்ணாடி. சாரா பர்சர் 1903இல் தொடங்கிய கூட்டுப் பட்டறை அன் டூர் க்ளின்னா. ஐரிஷ் மொழியில் கண்ணாடிக் கோபுரம் என்று பொருள். ஹோன் 1933இல் அதில் சேர்ந்தார். 1939 நியூயார்க் உலகக் கண்காட்சியின் அயர்லாந்து அரங்குக்காக அவர் செய்த "என் நான்கு பசும் வயல்கள்" இப்போது டப்ளின் அரசு மாளிகையில் இருக்கிறது. பட்டறை 1944இல் கலைந்ததும் ரத்ஃபார்னம் வீட்டிலேயே தனிப் பட்டறை வைத்துக்கொண்டார். இங்கிலாந்தின் ஈட்டன் கல்லூரிக் கோயிலில் 1940 குண்டுவீச்சில் கண்ணாடி நொறுங்கிப்போன கிழக்குச் சாளரத்துக்கு, 1952இல் முடித்துக் கொடுத்த பிரம்மாண்டமான சிலுவைக் காட்சியும் அந்தக் காலத்து வேலைதான். ஆக, மார்லே மரங்களை வரைந்த அதே கை, அதே வாரத்தில் ஈயப்பட்டிகளோடும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்திருக்கும்.

வண்ணக் கண்ணாடியில் வேலை செய்தவர் கண்ணுக்குச் சில பழக்கங்கள் ஒட்டிக்கொள்ளும். ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நிலக்காட்சிகளைப் படிக்க அதுதான் சாவி.

கண்ணாடித் துண்டுகளைப் பிடித்து வைப்பது ஈயப்பட்டி. குறுக்கே வெட்டிப் பார்த்தால் படுத்த 'எச்' எழுத்துபோல இருக்கும். இரண்டு பக்கப் பள்ளத்திலும் ஒவ்வொரு கண்ணாடி செருகப்படும். இந்தப் பட்டி காற்றில் தொங்க முடியாது. ஓர் ஈயக்கோடு தொடங்கினால் இன்னொரு ஈயக்கோட்டிலோ சட்டத்திலோ போய்ச் சேர்ந்தாக வேண்டும். அடுத்த கட்டுப்பாடு வெட்டு. கண்ணாடியைக் கீறி உடைக்கும்போது பிளவு வெளிநோக்கிப் போகத்தான் விரும்பும். உட்குழிந்த கூரான மூலை, உதாரணமாக 'எல்' வடிவம், கிட்டத்தட்ட எப்போதும் அந்த மூலையிலிருந்து குறுக்கே விரிந்துவிடும். வெட்டும்போது தப்பித்தாலும், பிறகு காற்றழுத்தத்தில் விரியும். ஆகவே ஒரு சுவரின் நடுவில் ஒரு ஜன்னலை வரைய வேண்டுமானால், சுவரை ஓட்டை போட்ட ஒரே கண்ணாடியாக வைக்க முடியாது. ஜன்னலின் மூலைகளிலிருந்து கோடுகளை விளிம்புவரை நீட்டிச் சுவரை நான்கைந்து துண்டாக்க வேண்டும். அந்த நீட்டிய கோடு மரக்கிளையாகவோ கூரை ஓரமாகவோ மாறுவேடம் போட வேண்டும்.

இப்படி நாள் முழுக்கச் சிந்திக்கிறவர் தூரிகையைத் தொட்டால் என்ன ஆகும்? மரத்தண்டு தரையில் தொடங்கித் தாளின் மேல்விளிம்புவரை ஓடும். நுனி தெரியாது. கூரைக்கோடு வீட்டோடு நிற்காமல் பக்கத்துக் கிளைக்குள் நுழைந்துவிடும். வானம் ஒரே விரிப்பாக இருக்காது, கிளைகளுக்கிடையே அடைபட்ட துண்டுகளாக இருக்கும். கறுப்பு அல்லது கருநீலத் தூரிகைக்கோடு வடிவங்களைச் சுற்றி ஓடும். ஆனால் ஈயம் செய்ய முடியாததைத் தூரிகைக்கோடு செய்யும்: பாதியில் நிற்கும், மெலியும், காய்ந்து உரசிக்கொண்டு போகும். அந்த நின்றுபோகும் இடங்களில்தான் இரண்டு நிறத் தளங்கள் ஒன்றோடொன்று நேரடியாக உரசுகின்றன. கோடு எங்கே நிற்கிறது என்று பார்ப்பதற்கே ஒரு ஹோன் குவாஷ் முன்னால் ஐந்து நிமிடம் நிற்கலாம். பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் ரூவோவின் தடித்த கறுப்புக்கோடு அவருக்குப் பிடித்தமானது என்பது தெரிந்ததே. ரூவோவும் இளமையில் கண்ணாடிப் பட்டறையில் வேலை பழகியவர்தான்.

ஒரு சோதனை. ஆஷ்ஃபோர்ட் அல்லது ராபர்ட்ஸ் படத்தின் பிரதியில் வீட்டைக் கட்டைவிரலால் மறையுங்கள். பூங்காக் காட்சி மிஞ்சும், ஆனால் வெளிச்சம் எதற்காக அங்கே விழுகிறது என்பதே புரியாது. பிறகு ஹோனின் படத்தில் அதையே செய்யுங்கள். படம் நிற்கும். ஒரு ஸ்வரம் குறைந்ததுபோல இருக்கும், அவ்வளவுதான். அதே குறைச்சல் ஒரு மரத்தண்டை மறைத்தாலும் வரும்.

குவாஷ் என்ற பொருள்

பள்ளியில் நாம் பயன்படுத்திய போஸ்டர் கலரின் பங்காளிதான் குவாஷ். நிறமி, தண்ணீர், வேலமரப் பிசின். நம்மூர்க் கருவேலம்பிசினுக்கு உறவுமுறையான ஆப்பிரிக்க வேலமரப் பிசின்தான் கடையில் அரபுப் பிசின். நீர்வண்ணத்திலும் இதேதான் கலவை. வித்தியாசம், குவாஷில் நிறமியின் அளவு மிக அதிகம்; சில தயாரிப்புகளில் வெள்ளையோ சுண்ணப்பொடியோ சேரும். அதனால் தாளை மறைக்கும். காய்ந்தபின் வெல்வெட்போல மங்கிய பரப்பு, துளிப் பளபளப்பு இருக்காது.

வண்ணக் கண்ணாடிக்காரருக்கு இது ஏன் பிடித்தது என்று யோசித்தால் காரணம் எளிது. எண்ணெய் வண்ணம் காய வாரக்கணக்கில் ஆகும். குவாஷ் கால்மணி நேரத்தில் காயும். ஒரு தளம், ஒரு நிறம், தெளிவான விளிம்பு. சாளரங்களுக்கான சிறிய அளவு மாதிரிப் படங்களையும் அவர் குவாஷில்தான் போட்டார். தாளும் லேசு, மடியில் வைத்து வேலை செய்யலாம். உடல் ஒத்துழைக்காத ஒருவருக்கு இது சின்ன விஷயமில்லை.

சிக்கல் என்ன? ஈரத்தில் தெரியும் நிறம் காய்ந்தால் மாறும். வெளிர் நிறங்கள் ஒரு படி கருக்கும், அடர் நிறங்கள் ஒரு படி வெளுக்கும். அதாவது இரண்டும் நடுவை நோக்கி நகர்ந்து, படம் சப்பென்று ஆகிவிடும். பழக்கமுள்ளவர்கள் இதைக் கணக்கில் எடுத்து, ஈரத்தில் கொஞ்சம் அதிகமான வேறுபாட்டோடு கலப்பார்கள். பனிக்காட்சியில் இது இன்னும் கடுமை. பனி வெள்ளையாகத் தெரிய வேண்டுமானால் பக்கத்தில் கருமை உறுதியாக நிற்க வேண்டும்.

மார்லேயின் வெளிச்சமும் இதற்குக் கைகொடுத்திருக்கிறது. டப்ளின் 53 பாகை வடக்கே இருக்கிறது. டிசம்பர் கடைசியில் நண்பகலில்கூடச் சூரியன் அடிவானத்திலிருந்து 13 பாகைதான் எழும். நம்மூரில் காலை ஏழரை மணி வெயில் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதுவே அங்கே உச்சிப் பொழுது. தண்டுகளின் நிழல் புல்வெளியை நீளநீளக் கோடுகளாக வெட்டும். மேகம் மூடிய நாளில் நிழலே இருக்காது. வீட்டின் முகப்பு ஒரே சாம்பல் அட்டையாக நிற்கும். பனி விழுந்துவிட்டால் தரை வானத்தைவிட வெளிச்சமாகிவிடும். ராபர்ட்ஸின் சூத்திரம் தலைகீழாகும்: வெளிச்சம் வீட்டில் இல்லை, கீழே தரையில் இருக்கிறது. பனியை வரைந்ததற்கு அழகு மட்டும் காரணமாக இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

கையால் செய்து பார்க்க

இந்த முறையைப் புரிந்துகொள்ள வாசிப்பைவிட ஒரு மதிய நேர வேலை பயன்படும். நீர்வண்ணத் தாள் (சதுர மீட்டருக்கு 300 கிராம்), 38க்கு 28 செ.மீ. (முழுத்தாளில் கால் பங்கு). நான்கு பக்கமும் பசைத்தாளால் பலகையில் ஒட்டிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஈரத்தில் அப்பளமாகிவிடும். நிறங்கள் ஐந்து போதும்: மஞ்சள் காவி, செங்காவி, பிரஷ்யன் நீலம், கறுப்பு, வெள்ளை. பச்சைக் குழாயை வாங்காதீர்கள். மஞ்சள் காவியும் கறுப்பும் சேர்ந்தாலே ஈரமான அயர்லாந்துப் பச்சை வந்துவிடும்.

மூலைவிட்டங்களை மெல்லிய பென்சிலில் போட்டு மையத்தைக் கண்டுபிடியுங்கள். தாளின் விகிதத்திலேயே மூன்று செவ்வகங்கள், ஏறத்தாழ 19க்கு 14, 12.7க்கு 9.3, 9.5க்கு 7 செ.மீ. இவற்றை மையத்திலிருந்து விலக்கி, ஒன்றை ஒன்று மேவும்படி வையுங்கள். பெரியதை 15 பாகை வலமாக, நடுவானதை 10 பாகை இடமாகச் சாய்த்து மீண்டும் வரையுங்கள். இப்போது உங்கள் முன்னால் ஒரு மாளிகையின் புகைப்படமோ நேரில் ஒரு வீடோ இருக்கட்டும். சாயாத சிறிய செவ்வகத்தில் வீட்டின் முகப்பு. சாய்ந்த விளிம்புகளில் எது மரத்தண்டாகும், எது புல்வெளி ஓரமாகும் என்று தேடுங்கள். பொருத்தத்துக்காகக் கோட்டை நகர்த்தாதீர்கள், மரத்தை நகர்த்துங்கள். ஜன்னல்களில் இரண்டு மூன்று போதும். ஏழையும் போட்டால் வீடு உடனே நாயகனாகிவிடும்.

வண்ணத்தின் பதம் மோருக்கும் தோசைமாவுக்கும் நடுவில். ஒவ்வொரு கலவையையும் அதே தாளின் துண்டில் தீட்டிக் காயவிட்டுப் பார்த்தபிறகே படத்தில் வையுங்கள். பெரிய தளங்கள் முதலில், ஒரே பூச்சில். கோடு கடைசியில்.

எங்கே கெடும்? முதலாவது, காய்ந்த பூச்சின்மேல் இன்னொன்றைப் பூசும்போது கீழே உள்ளது கரைந்து கலங்கும். பிசின் தண்ணீர் பட்டால் எப்போது வேண்டுமானாலும் கரையும், அதுதான் காரணம். மேல்பூச்சு கெட்டியாக, தண்ணீர் குறைவாக, ஒரே இழுப்பில் இருக்க வேண்டும். ஒரே இடத்தில் மூன்றாம் முறை தூரிகை போனால் சேறுதான். இரண்டாவது, கெட்டியாக அப்பினால் காய்ந்ததும் வெடிக்கும். பிசின் காய்ந்தால் வளையாது, தாளோ ஈரப்பதத்துக்கு ஏற்ப விரிந்து சுருங்கும். மூன்றாவது, எல்லா நிறத்திலும் வெள்ளை கலந்தால் சுண்ணாம்படித்த சுவர்போல வெளிறிவிடும். வெளிச்சமான சில இடங்களுக்குத் தாளையே விட்டுவிடுவது நல்லது.

நான்காவதுதான் அதிகம் நடப்பது. கறுப்புக்கோட்டை எல்லா வடிவத்தையும் சுற்றி ஒரே தடிமனில் மூடிவிட்டால், குழந்தைகளின் வண்ணம் தீட்டும் புத்தகம் வந்து நிற்கும். தடிமன் ஒரு மில்லிமீட்டருக்கும் எட்டுக்கும் இடையே அலைய வேண்டும். மூன்றில் ஒரு பங்கு இடத்தில் கோடே வேண்டாம்.

பழைய குவாஷ் கைக்கு வந்தால்

ஹோனின் காகித வேலைகள் டப்ளின் ஏல நிறுவனங்களில் அவ்வப்போது வருகின்றன. வாங்கும் எண்ணம் இல்லாவிட்டாலும், எதைப் பார்க்க வேண்டும் என்பது தெரிந்திருந்தால் அருங்காட்சியகத்தில்கூடக் கண் வேறு மாதிரி வேலை செய்யும்.

சட்டத்தைக் கழற்றி, படத்தைச் சுற்றி வைக்கும் அட்டைச் சாளரத்தின் ஓரத்துக்கு அடியில் மறைந்திருந்த சில மில்லிமீட்டர் பட்டையைப் பாருங்கள். அங்கே நிறம் அடர்த்தியாகவும் வெளியே மங்கலாகவும் இருந்தால் படம் வெளிச்சத்தில் வெளுத்திருக்கிறது. குறிப்பாக அலிசரின் வகைச் சிவப்புகள் ஓடிவிடும். காவி, கறுப்பு, கோபால்ட் எல்லாம் நிற்கும். அதனால் ஒரு காலத்தில் ஊதாவாக இருந்த நிழல் இன்று வெறும் நீலமாக நிற்கலாம். சிவப்பே இல்லாத படத்தைக் கண்டால் "அடக்கமான வண்ணத் தேர்வு" என்று பாராட்டும் முன்னால் அந்தப் பட்டையைப் பார்த்துவிடுவது உத்தமம். அதே ஓரத்தில் பழுப்பான கோடு தாளிலேயே எரிந்ததுபோலத் தெரிந்தால், பழைய மரக்கூழ் அட்டையின் அமிலம் இறங்கியிருக்கிறது. பரப்பில் பழுப்புப் புள்ளிகள் என்றால் ஈரத்தால் வந்த பூஞ்சையோ இரும்புத் துகளோ. தடித்த வெள்ளைப் பகுதிகளைப் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். வெடிப்பும் உரியும் செதில்களும் நேர்வெளிச்சத்தில் தெரியாது. விரல் தேய்த்த இடம் மட்டும் பளபளக்கும். அந்தப் பளபளப்பை நீக்க வழியில்லை.

சட்டமிடுவதில் மூன்று விஷயம். கண்ணாடி படத்தைத் தொடக் கூடாது. அமிலமற்ற பருத்தி அட்டைச் சாளரம் 3 மி.மீ. தடிமனாவது இருக்கட்டும். ஈரம் கோத்தால் குவாஷ் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது வானமே உரிந்து வரும். அக்ரிலிக் தகடு வேண்டாம், அதன் நிலைமின்சாரம் தளர்ந்த நிறமியை இழுக்கும். புறஊதாவைத் தடுக்கும் கண்ணாடி போதும். தாளை மேல்விளிம்பில் இரண்டு இடத்தில் ஜப்பானியத் தாள் கீல், கோதுமை மாவுப் பசையால் தொங்க விட வேண்டும். செல்லோடேப் பக்கமே போகக் கூடாது. வார்னிஷ் அடிக்கச் சொல்லும் சட்டக்காரர் கிடைத்தால் படத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். வார்னிஷ் மங்கிய பரப்புக்குள் இறங்கி எல்லா நிறத்தையும் இருட்டாக்கும், பிறகு எடுக்கவே முடியாது.

வெளிச்சம் 50 லக்ஸ், ஈரப்பதம் ஏறத்தாழ 50 சதவீதம். இந்த 50 லக்ஸ்தான் காகித வேலைகள் சுவரில் அதிக நாள் தொங்காததற்குக் காரணம். சில மாதம் காட்டினால் நீண்ட நாள் இருட்டுப் பெட்டியில் ஓய்வு. 2025இல் டப்ளின் தேசியக் கலைக்கூடம் ஜெல்லெட்டையும் ஹோனையும் சேர்த்துப் பெரிய கண்காட்சி வைத்தது. அப்படி ஒரு வாய்ப்பு இல்லாத நாட்களில் அங்குள்ள அச்சுப்பட, கோட்டோவியப் பிரிவின் வாசிப்பறைக்கு முன்கூட்டியே எழுதி நேரம் வாங்கலாம். இணையப் பிரதிகளை நம்ப வேண்டாம். மங்கிய பரப்பைத் திரை பளபளப்பாக்கிவிடும், கோட்டின் உரசலும் தாளின் வெறுமையும் ஒரே வெள்ளையாகக் கலந்துவிடும்.

ஹோன் 1955 மார்ச் 13 அன்று ரத்ஃபார்னம் தேவாலயத்தில் இறந்தார். 1937இல் கத்தோலிக்கராக மாறியவர்.

மார்லே இன்று டப்ளின்காரர்கள் நாயை நடத்திக்கொண்டு வரும் இடம். கோடையில் இசை நிகழ்ச்சிகளுக்காகப் புல்வெளியில் மேடை போடுகிறார்கள். வீடு செப்பனிடப்பட்டு நிற்கிறது. படங்களை ஒட்டிப் பார்க்க விரும்பினால் ஜூலையில் போகாதீர்கள், இலைகள் எல்லாவற்றையும் மூடிவிடும். இலை உதிர்ந்த ஜனவரியில், பதினோரு மணி வாக்கில், வீட்டுக்கு நேர் எதிரே நிற்காமல் கொஞ்சம் தள்ளி, முன்னால் மூன்று நான்கு மரத்தண்டுகள் குறுக்கிடும் இடமாகப் பார்த்து நில்லுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டால் தூரம் போய்விடும். தண்டுகளுக்கிடையே முகப்பு மூன்று வெளிறிய பட்டைகளாகத் துண்டாகித் தெரியும். நடுப்பட்டையில் ஒரு ஜன்னல், அநேகமாகப் பாதி.